நான்கு கோடு சிக்னல் இருந்தும் அம்மாவின் குரல் ஏன் உடைகிறது?

கேள்வி இது: "அம்மா மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஊர் நேரப்படி தினமும் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் பேசுவோம். நான் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்கிறது. அவர் பேசுவது எனக்குத் துண்டு துண்டாக வருகிறது. வீடியோ போட்டால் முகம் உறைந்துவிடுகிறது. அவருடைய போனில் நான்கு கோடு சிக்னல் காட்டுகிறது. தம்பி ஊருக்குப் போனபோது எடுத்த வேகச் சோதனையில் 18 எம்பிபிஎஸ் வந்தது. கூடுதல் டேட்டா உள்ள திட்டத்துக்கு மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்? இந்தச் செயலிகள் உள்ளுக்குள் என்னதான் செய்கின்றன?"

பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் குரல் அவருக்குக் கேட்கிறது, அவர் குரல்தான் உங்களுக்கு வரவில்லை என்றால், கோளாறு ஒரு திசையில் மட்டும் இருக்கிறது. டவரிலிருந்து அம்மாவின் போனுக்கு வரும் பாதை சரியாக இருக்கிறது. அந்தப் போனிலிருந்து டவருக்குப் போகும் பாதைதான் நலிந்திருக்கிறது. கடைமடையில் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மேட்டூரில் இன்னும் இரண்டு மதகைத் திறக்கச் சொன்ன கதைதான் கூடுதல் டேட்டா வாங்கியது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ட்ரைவ் டெஸ்ட் வேலையில் பல ஆண்டுகள் சுற்றியவன் நான். காரில் மடிக்கணினி, நான்கு போன், கூரையில் ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா. எந்த ஊரில் எவ்வளவு சிக்னல் என்று அளந்துகொண்டே போவோம். அந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட புகார் உங்களுடையதுதான்: "டவர் ஃபுல்லாக இருக்கிறது, பேச்சு மட்டும் போகமாட்டேன் என்கிறது."

முதலில் அந்த நான்கு கோட்டை நம்பாதீர்கள். அது டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று அது சொல்லாது. 4ஜி டவரில் ஓர் ஆன்டெனா வாயிலிலிருந்து 20, 40 வாட் வரை சக்தி போகும். உங்கள் அம்மாவின் போன் உச்சமாக அனுப்பக்கூடியது 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். கோயில் ஒலிபெருக்கிக்கும் திண்ணையில் இருக்கும் பாட்டியின் குரலுக்கும் உள்ள வித்தியாசம் இது. டவரின் ஆன்டெனா நல்ல காது உடையது, போனும் தன் சிறிய சக்தியைக் குறுகிய அலைவரிசையில் குவித்து அனுப்பும் என்பதால் ஓரளவு ஈடாகிறது. ஆனால் டவரிலிருந்து தள்ளிப்போகப் போக முதலில் அறுந்துபோவது போனின் குரல்தான்.

வேகச் சோதனையில் வந்த 18 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 18 மெகாபிட், பதிவிறக்க வேகமாகத்தான் இருக்கும். எல்லோரும் அந்தப் பெரிய எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். தம்பி அதை எங்கே நின்று, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று கேளுங்கள். மொட்டை மாடியில், மதியம் இரண்டு மணிக்கு என்பார் என்று நினைக்கிறேன். அம்மா பேசுவதோ இரவு எட்டு மணிக்கு, கூடத்தில் உட்கார்ந்து.

தூரத்தையும் குறை சொல்ல முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002 முதல் ஓடும் ஐ2ஐ கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வங்காள விரிகுடாவைக் கடக்க 16 மில்லிவினாடி போதும். அம்மாவின் கூடத்திலிருந்து ஊர்க்கோடி டவர் வரையுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரில்தான் இதைவிடப் பல மடங்கு நேரம் வீணாகிறது.

பேச்சு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பார்த்தால் மற்றது தானாகப் புரியும். போன் உங்கள் குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட்டாகப் போகிறது, வினாடிக்கு 50 பாக்கெட். ஓபஸ் போன்ற கோடெக்கில், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறையில், வினாடிக்கு 24 கிலோபிட் இருந்தாலே குரல் தெளிவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரி, வரிசை எண் எழுதிய 40 பைட் உறை உண்டு. வினாடிக்கு 50 உறை என்றால் உறைக்கு மட்டுமே 16 கிலோபிட். மொத்தம் 40 கிலோபிட். 2ஜி காலத்து இணையம்கூடச் சிரமப்பட்டுத் தூக்கிவிடும் சுமைதான். பேச்சுக்கு வேண்டியது அந்த 50 பாக்கெட்டும் நேரத்துக்குப் போய்ச் சேருவது. அதிலும் ஒரே சீராகச் சேர வேண்டும். வாயிலிருந்து காதுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று ஐடியூ எனப்படும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. 400ஐத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். "ஹலோ, ஹலோ, நீ சொல்லு, இல்லை நீங்கள் சொல்லுங்கள்" என்று நாம் படும் பாடு அதுதான்.

இனி, இரவு எட்டு மணிக்கு ஏன் இவ்வளவு மோசம்?

ஒரு காரணம் ஊர் முழுவதும் அந்த நேரத்தில் போனைக் கையில் எடுப்பது. இன்னொன்று பலர் கவனிக்காதது: அம்மாவின் போனே அம்மாவின் பேச்சை மறிப்பது. காலையில் எடுத்த கோலத்தின் படம், பேத்தியின் வீடியோ எல்லாம் இணையச் சேமிப்புக்குப் பின்னணியில் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு படம் 4 மெகாபைட் என்றால் 32 மெகாபிட். நலிந்த இடத்தில் பதிவேற்ற வேகம் 1 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். ஒரு படம் ஏற அரை நிமிடம். இந்த நேரத்தில் போனுக்குள் பஃபர் என்ற தற்காலிகத் தேக்கத்தில் 250 கிலோபைட் வரிசையில் நின்றாலே, பின்னால் வரும் குரல் பாக்கெட் இரண்டு வினாடி காத்திருக்க வேண்டும். ரயில்வே கேட்டில் நெல் மூட்டை லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது போல. பாக்கெட் தொலைந்துபோகவில்லை, ஆனால் இரண்டு வினாடி தாமதமாக வந்த சொல்லைச் செயலி என்ன செய்யும்? தூக்கி எறிந்துவிடும். உங்கள் காதுக்கு அது தொலைந்த சொல்தான்.

ஆகவே முதல் மருந்து காசில்லாதது. அம்மாவின் போனில் படங்களின் தானியங்கிப் பதிவேற்றத்தை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வைஃபை இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் அப்படியே. இதை மட்டும் செய்து பேச்சு சீரானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாதாரண அழைப்பு, அதாவது எண்ணை அழுத்திப் பேசும் 4ஜி வோல்ட்டி அழைப்பு, அதே கூடத்தில் ஏன் நன்றாக இருக்கிறது என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். 4ஜி டவர் ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. முறைப்பாசனத்தில் தண்ணீர் பிரிப்பது போலத்தான். தலைமடையில் பலமாக இருப்பவர் கையில் நிறைய எடுத்துக்கொள்வார். ஆனால் வோல்ட்டிக் குரலுக்குத் தனி வாய்க்கால் உண்டு. அதற்கு உறுதி செய்யப்பட்ட வேகம், 100 மில்லிவினாடித் தாமத வரம்பு, நூற்றில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் தொலையக் கூடாது என்ற இலக்கு எல்லாம் தரநிலையிலேயே எழுதியிருக்கிறது. நான் சொன்ன அந்த 40 பைட் உறையையும் சில பைட்டுகளாகச் சுருக்கிவிடுவார்கள். வாட்ஸ்அப் குரலுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கும் கிரிக்கெட்டோடு அதே பொது வாய்க்காலில் அது முண்டியடிக்க வேண்டும். டவருக்கு இரண்டும் வெறும் டேட்டா.

செயலிகள் உள்ளே என்ன செய்கின்றன என்று கேட்டீர்கள். அவற்றின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சீரில்லாமல் வரும் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் தேக்கி வைத்துச் சீராக விடுவதற்கு ஒரு சிறிய பஃபர் வைத்திருக்கின்றன. நெட்வொர்க் தடுமாறினால் தேக்கத்தைக் கூட்டும், சீரானால் குறைக்கும். ஒரு துண்டு வராவிட்டால் முந்தைய துண்டின் ஓசையை இழுத்து நிரப்பும். ஒரு துண்டு போனால் உங்களுக்குத் தெரியாது, தொடர்ந்து ஐந்தாறு போனால் அந்த இழுத்த ஓசை இயந்திர மனிதன் முனகுவது போல் கேட்கும். 2012இல் தரநிலையான ஓபஸ் கோடெக்கில் இன்னொரு உபாயம் உண்டு: முந்தைய துண்டின் மெலிந்த நகலை அடுத்த பாக்கெட்டிலேயே வைத்து அனுப்பலாம், முதல் பாக்கெட் தொலைந்தாலும் அதை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம். துண்டை 20க்குப் பதில் 60 மில்லிவினாடியாக ஆக்கினால் உறைச் செலவு மூன்றில் ஒன்றாகும். ஆனால் ஒரு பாக்கெட் போனால் மூன்று துண்டு ஓசை ஒன்றாகப் போய்விடும். வெறும் 6 கிலோபிட் போன்ற அடிமட்ட வேகத்திலும் குரல் கேட்கும்படி இருக்க வேண்டும் என்று மெட்டா நிறுவனம் 2024இல் எம்லோ என்ற கோடெக்கை அறிவித்தது.

நீங்கள் மென்பொருள்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இவற்றில் மிக முக்கியமானது நெரிசலை முன்கூட்டியே முகர்வது. பாக்கெட் தொலைந்த பிறகு வேகத்தைக் குறைப்பது பழைய முறை. மொபைலில் அது பலிக்காது. ஏனென்றால் மொபைல் நெட்வொர்க் பாக்கெட்டை எளிதில் தொலைக்காது, வரிசையில் நிற்கவைத்தே கொல்லும். ஆகவே நேரலைப் பேச்சுக்கான வெப்ஆர்டிசி போன்ற மென்பொருள்கள் அடுத்தடுத்த பாக்கெட்டுகளின் இடைவெளி நீள்கிறதா என்று பார்க்கின்றன. நீண்டால் எங்கோ வரிசை கூடுகிறது என்று புரிந்துகொண்டு வீடியோவின் தரத்தை உடனே இறக்குகின்றன. நல்ல செயலிக்கு அடையாளம், முகம் மங்கினாலும் குரலை விடாதது. முகம் பளிச்சென்று இருந்து குரல் உடைந்தால் அதை எழுதியவர்களுக்கு வரிசைமுறை தெரியவில்லை என்பேன்.

வீடியோ உறைவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. வீடியோவில் ஒவ்வொரு சட்டமும் (ஃப்ரேம்) முழுப் படமாகப் போவதில்லை. முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும் போகிறது. நடுவில் ஒன்று தொலைந்தால் பின்னால் வருவதற்கெல்லாம் அடிப்படை இல்லை. உங்கள் போன் "முழுப் படம் ஒன்று அனுப்பு" என்று கேட்கும். முழுப் படம் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரியது. ஏற்கெனவே தூர்ந்த பாதையில் அது மாட்டிக்கொள்ளும், திரும்பவும் தொலையும், திரும்பவும் கேட்கும். அம்மா வாயைப் பாதி திறந்தபடி உறைந்து நிற்பது இந்தச் சுழலில்தான்.

இனி வீட்டுக்குள் வருவோம். நீடாமங்கலம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு நினைவுக்கு வருகிறது. முக்கால் முழம் கனத்த சுவர், நடுவில் முற்றம். அந்த வீட்டு ஆச்சி கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து துபாய் பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். ஊஞ்சலில் அளந்தேன்: மைனஸ் 118 டிபிஎம். இந்த மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். பத்தடி தள்ளி முற்றத்தின் ஓரத் தாழ்வாரத்தில்: மைனஸ் 104. பின்கட்டு மாடிப்படியின் மேல்முனையில்: மைனஸ் 92. எண்கள் சிறியவையாகத் தெரியும். 14 டெசிபல் வித்தியாசம் என்றால் 25 மடங்கு சக்தி. 26 டெசிபல் என்றால் 400 மடங்கு. எந்த டேட்டா திட்டமும் தராத 25 மடங்கு, பத்தடி நடந்ததில் கிடைத்தது. "ஊஞ்சலை இங்கே மாட்ட முடியாதே தம்பி" என்றார் ஆச்சி. நாற்காலியைப் போட்டோம். அந்த நாற்காலி பிறகு அங்கேயே நிலைத்துவிட்டது.

இந்த எண்ணை நீங்களும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் இருக்கும். பல போன்களில் *#*#4636#*#* என்று அழுத்தினாலும் வரும். என் அனுபவத்தில் மைனஸ் 95க்குள் இருந்தால் வீடியோ நடக்கும். 105 தாண்டினால் வீடியோ சண்டித்தனம் செய்யும். 115ஐயும் தாண்டினால் குரலே உடையும். சிமென்ட் கூரைக்குள் இருக்கும் கம்பி, தகரக் கொட்டகை, இரும்பு அலமாரி எல்லாம் எதிரிகள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பும் சேர்ந்துகொள்ளும்; நனைந்த மட்டைகள் உயர் அலைவரிசைகளை நன்றாகவே விழுங்கும். கஜா புயலுக்குப் பிறகு தோப்பு சாய்ந்த சில வீடுகளில் முன்பு எட்டாத டவர் எட்டியது. அப்படிக் கிடைத்த சிக்னலுக்காக யாரும் மகிழவில்லை.

போனைப் பிடிக்கும் விதமும் கணக்கில் வரும். ஆன்டெனாக்களில் ஒன்று பெரும்பாலும் போனின் அடியில் இருக்கும். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால் பாதி சக்தி உள்ளங்கையிலேயே போய்விடும். எதிலாவது சாய்த்து வைத்துப் பேசச் சொல்லுங்கள். பித்தளைச் செம்பில் சாய்க்க வேண்டாம், மரப்பெட்டி போதும்.

வீடியோவுக்கு வெளிச்சம் வேண்டும். இதற்கும் நெட்வொர்க்குக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். மங்கிய வெளிச்சத்தில் கேமரா புள்ளி புள்ளியாகப் படம் பிடிக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு சட்டத்திலும் இடம் மாறுவதால் செயலிக்கு எல்லாமே அசைவதாகத் தோன்றும், பிட் செலவாகும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி படத்தில் விழுந்தால் அதற்கும் தண்டம். முகத்தில் விளக்கு, முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். அதே சிக்னலில் படம் தெளிவதைக் காண்பீர்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் தெரிவு ஒன்று உண்டு, அதையும் இயக்கிவிடுங்கள்.

5ஜி வந்தும் விலகியும் விளையாடும் ஊராக இருந்தால் அம்மாவின் போனை 4ஜியில் நிறுத்திவையுங்கள். 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட 5ஜி அலைவரிசை சுவரைத் தாண்டுவதில் மந்தம். 200 மில்லிவாட் போனுக்கு அதில் திருப்பிப் பேசுவது இன்னும் கடினம். மாறி மாறித் தாவும் ஒவ்வொரு தடவையும் பேச்சில் ஒரு விக்கல். 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரமும் போகும், சுவருக்குள்ளும் நுழையும். உங்கள் ஊர்ப்பக்கம் எந்த நிறுவனத்தின் டவரில் அது இருக்கிறது என்று அறிய எளிய வழி, பக்கத்து வீட்டாரின் சிம்மை ஒரு மாலை அம்மாவின் கூடத்தில் போட்டுப் பார்ப்பதே.

வீட்டில் பழைய ஸ்மார்ட்போன் இருந்தால் அதில் ஒரு சிம் போட்டு மாடிப்படி உச்சியில், வெயில் படாத இடத்தில் வைத்து ஹாட்ஸ்பாட்டாக்குங்கள். அம்மாவின் போன் வைஃபை வழியாக அதைப் பிடித்துக்கொள்ளும். டவரோடு மல்லுக்கட்டும் வேலையை உயரத்தில் இருக்கும் போன் பார்த்துக்கொள்ளும். சந்தையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். அது கிளப்பும் இரைச்சல் டவரின் காதை அடைத்து ஊர் முழுவதன் அப்லிங்க்கையும், அதாவது போனிலிருந்து டவருக்குப் போகும் பாதையையும், கெடுக்கும். ஒரு கடைத்தெருவே மாலை நேரத்தில் பேச முடியாமல் தவித்ததற்கு ஒரே ஒரு துணிக்கடையின் பூஸ்டர் காரணம் என்று மூன்று நாள் அலைந்து கண்டுபிடித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட உறுதியானது ஃபைபர். இப்போது உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களே பல கிராமங்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எடுத்தால் ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் சிறிய யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மின்வெட்டில் ஃபைபரும் சேர்ந்து படுத்துவிடும். போனில் வைஃபை காலிங் வசதியை இயக்கினால் ஊருக்குள் பேசும் சாதாரண அழைப்பும் அதன் வழியே போகும்.

இடையில் ஒரு சங்கதி, இதை ஒரு வாய்ப்பாட்டு டீச்சர் கேட்டார்: வகுப்பு எடுக்கும்போது சுருதிப்பெட்டி மறுமுனையில் காணாமல் போகிறது, நெட்வொர்க் சரியில்லையா என்று. நெட்வொர்க்கின் மேல் பழி இல்லை. செயலியின் இரைச்சல் நீக்கி, மாறாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். சுருதிக்கும் அதே கதிதான். ஜூம் போன்றவற்றில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் தெரிவு இருக்கிறது. ஆனால் இரு முனையிலும் சேர்ந்து தாளம் போடலாம் என்று நினைக்க வேண்டாம். சேர்ந்து வாசிக்க 20, 30 மில்லிவினாடிக்கு மேல் தாமதம் இருக்கக் கூடாது. மொபைலில் அது நடக்கிற காரியம் இல்லை.

அதே போல் உங்கள் உறவினர் யாராவது துபாயிலிருந்து "வாட்ஸ்அப் கால் போகவே இல்லை" என்றால் மேலே சொன்ன எதையும் முயலச் சொல்ல வேண்டாம். அமீரகத்தில் அந்த அழைப்புகளுக்குத் தடை இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச முடியும்.

புயல், பெருமழை, வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம் போன்ற நாட்களில் நேரலைப் பேச்சை விட்டுவிட்டுக் குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அதற்குக் கெடு நேரம் இல்லை. பாக்கெட் பத்து வினாடி தாமதித்தாலும் முழுதாக வந்து சேரும். கஜா அடித்த 2018 நவம்பரில், டவர்கள் டீசலில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, வேதாரண்யம் பக்கத்திலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தவை குறுஞ்செய்திகள்தான்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: இன்றே படப் பதிவேற்றத்தை நிறுத்துங்கள். தம்பி அடுத்த முறை போகும்போது இரவு எட்டு மணிக்குக் கூடம், தாழ்வாரம், மாடிப்படி மூன்று இடத்திலும் அந்த மைனஸ் எண்ணையும் பதிவேற்ற வேகத்தையும் குறித்து வரச் சொல்லுங்கள். ஆறு எண்கள். தாழ்வாரத்தில் எண் நன்றாக இருந்தும் பதிவேற்றம் மட்டும் தவழ்ந்தால் டவரில் நெரிசல், சிம்மை மாற்றிப் பாருங்கள். மூன்று இடத்திலும் மைனஸ் 110ஐத் தாண்டினால் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். அதுவரை அம்மாவை வாசல் திண்ணைக்கு வந்து பேசச் சொல்லுங்கள். கொசு இருக்கும், ஆனால் குரல் வரும்.